ஐயாவின் மொஸ்கோவும் மாமாவின் அமெரிக்காவும்

கொதிக்கிற தண்ணீரில் பால்மா விழுந்து, கட்டிபட்டு, மெல்ல மெல்லக் கரையும்போது ஒரு மணம் எழும். கொஞ்சம் நனைந்த கடதாசியையும் கொஞ்சம் காய்ச்சிய சீனியையும் நினைவூட்டும் அந்த மணத்தை அறுபது வருடங்களுக்கு மேலாகியும் என் மூக்கு மறக்கவில்லை. உரும்பிராயில் நான் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் மாமரத்தின் கீழ் கல் அடுப்பு வைத்துக் காய்ச்சுவார்கள். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகும் பேணிகளை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். கடல் கடந்து வந்ததால் அதற்கு "அமெரிக்கன் பால்" என்று பெயர். சிலருக்கு அது வயிற்றைக் கலக்கும். சிலர் ஒருவருக்கும் தெரியாமல் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். இரண்டாம் தரமும் போய் நிற்பேன்.

அதே நாட்களில் என் புத்தகப் பையைத் திறந்தால் வேறொரு மணம் வரும். ஐயா தன் இடதுசாரிக் கட்சியின் கந்தோரிலிருந்து மாதாமாதம் கொண்டுவரும் மொஸ்கோச் சஞ்சிகையின் மணம் அது. வழவழவென்ற தடித்த தாள்; அதில் முடிவே இல்லாத கோதுமை வயல்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு உழவு இயந்திரம் ஓட்டும் பெண்கள், பனிக்குள் சிரிக்கிற கன்னம் சிவந்த பிள்ளைகள். ஐயா வாசித்து முடித்ததும் அந்தத் தாள்களைக் கழற்றி எங்கள் கொப்பிகளுக்கு உறை போடுவோம். மழையில் நனைந்தாலும் அந்த உறை கிழியாது. வயிற்றுக்குள் அமெரிக்காவும் கொப்பிக்கு மேல் ருஷ்யாவுமாகத்தான் நான் மூன்றாம் நாலாம் வகுப்புகளைப் படித்தேன். உலகத்தையே எரித்துவிடக்கூடிய குண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு இரண்டு பெரிய நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன என்பதும், சின்ன நாடுகளைத் தங்கள் பக்கம் இழுக்க அவை போட்டி போட்டதால்தான் எங்கள் ஒழுங்கைவரை பாலும் தாளும் வந்தன என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்த போட்டி வேறு. அது ஐயாவுக்கும் பெரிய மாமாவுக்கும் இடையில் நடந்தது.

ஐயா புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தேநீர்க் கடைகளில் சில சாதியாருக்கு மட்டும் வேறாகப் போத்தலில் தேநீர் கொடுத்து, வெளியே குந்தியிருந்து குடிக்கச் சொல்லும் வழக்கத்தைக் கண்டு மனம் கொதித்துத்தான் கட்சியில் சேர்ந்ததாகச் சொல்வார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பலாலி விமானத்தளத்தில் வெள்ளைக்காரரிடம் கூலி வேலை செய்தவர் என்பதால் காதில் விழுந்த ஆங்கிலம் கொஞ்சம் அவருக்குள் மிஞ்சியிருந்தது. வாய் திறந்து ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆனால் கேட்டால் முக்கால்வாசி விளங்கிக்கொள்வார்.

பெரிய மாமா அம்மாவின் மூத்த தமையன், மிஷன் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கில ஆசிரியர். ஆசிரியப் பயிற்சிக்கென்று ஒரு வருடம் அமெரிக்காவின் வடக்கே குளிர் மிகுந்த ஓரிடத்தில் இருந்துவிட்டு வந்தவர். பால் விடாத கோப்பி குடிப்பார். எங்கள் ஒழுங்கையில் முதல் றேடியோப் பெட்டி அவருடைய விறாந்தைக்குத்தான் வந்தது. மின்சாரம் வராத காலம் என்பதால் அது கார் பற்றறியில் வேலை செய்யும். எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவே ஓலை வேலி. அந்த வேலியில் ஆள் குனிந்து போய்வரத்தக்க ஒரு "பொட்டு" இருந்தது. பின்னேரங்களில் ஐயா தோட்டத்தால் வந்து, கால் கழுவி, அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து போய் மாமாவின் விறாந்தையில் உட்காருவார்.

மாமா றேடியோவில் கேட்ட ஆங்கிலச் செய்தியை ஐயாவுக்குத் தமிழில் சொல்வார். ஐயா அவரை "மாஸ்டர்" என்பார். மாமா ஐயாவைத் "தோழர்" என்பார். இரண்டிலும் மரியாதையும் கேலியும் சரிபாதி இருக்கும். மாமா ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் ஐயா விடமாட்டார்.

"மாஸ்டர், அவன் செய்யக்கூடும் எண்டெல்லோ சொன்னவன். நீங்கள் செய்யப்போறான் எண்டு ஏன் முடிக்கிறியள்?"

"ஓகோ, தோழருக்கு இங்கிலீசும் வருமோ?"

"கதைக்க வராது. பொய் பிடிக்க வரும்."

மொஸ்கோ முதன்முதலாக ஒரு மனிதனை விண்ணுக்கு அனுப்பிய செய்தி வந்த அன்று ஐயா ஒழுங்கை முழுவதற்கும் தோடம்பழ இனிப்பு கொடுத்தார். மாமாவுக்கு முன்னாலும் நீட்டினார். மாமா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பு நல்லாயிருக்கு. செய்தி மெய்யோ எண்டு பொறுத்துப் பாப்பம்" என்றார். அம்மா இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, "அவங்கள் அங்கை சண்டை பிடிக்கட்டும், இஞ்சை தேத்தண்ணி ஆறுது" என்பதோடு தன் உலக அரசியலை முடித்துக்கொள்வார்.

இந்த விளையாட்டுச் சண்டை ஒருநாள் மெய்ச் சண்டையாக மாறியது. காரணம் என் அக்கா.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெயர் செல்வராணி; வீட்டில் ராணி. டொக்டராக வரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவள். கொழும்பில் மருத்துவம் படிக்க இருந்த இடங்களோ கொஞ்சம். அவளுடைய பரீட்சை முடிவு மயிரிழையில் அதற்குப் போதாமல் போனது. மூன்று நாள் அறைக்குள் படுத்திருந்தாள். நாலாம் நாள் ஐயா கட்சிக் கந்தோரிலிருந்து ஒரு செய்தியுடன் வந்தார். ஆசிய, ஆபிரிக்க நாட்டுப் பிள்ளைகளுக்கென்று மொஸ்கோவில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியிருக்கிறார்கள், படிப்பு, சாப்பாடு, இருப்பிடம், போகவர டிக்கெட், எல்லாம் அவர்களுடையது, மருத்துவமும் இருக்கிறது.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப்போட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. அதற்குள் மொஸ்கோவிலிருந்து அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அன்று பின்னேரம் மாமாவின் குரல் ஒழுங்கை முடக்குவரை கேட்டது.

"உமக்கென்ன விசரே? குமர்ப்பிள்ளையைக் கொண்டுபோய் உந்த ஊரிலை விடப்போறீர். நாளைக்கு ஒரு சண்டை எண்டு வந்தால் முதல் குண்டு விழுறது எங்கை தெரியுமே? மொஸ்கோவிலைதான்!"

"உங்கடை ஆக்கள் போட்டால்தானே விழும், மாஸ்டர்!"

ஐயா அதைச் சொல்லி முடித்ததும் மாமா அப்படியே அடங்கிப்போனார். கதிரையிலிருந்து எழுந்தார், "உங்கடை ஆக்கள்" என்ற சொல்லை மட்டும் மெல்லத் திருப்பிச் சொன்னார், உள்ளே போய்விட்டார். அடுத்தநாள் விடியற்காலை ஐயா இரண்டு கதியால் தடி ஊன்றி, பனையோலை வைத்து, அந்தப் பொட்டை இறுக்கி அடைத்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி முடிகிற நேரம் அக்கா பயணமானாள். யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் நாங்கள் நின்றபோது, மேடையின் தொங்கலில், கையில் பெரிய கடதாசிப் பொதியுடன் மாமா நிற்பதை நான்தான் முதலில் கண்டேன். ஐயா வேறு பக்கம் திரும்பி ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா நேரே அக்காவிடம் வந்து பொதியைக் கொடுத்தார். உள்ளே அவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நீளமான கம்பளிக் கோட்டு. அவருடைய அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த, தொடுவதற்கும் எங்களை விடாத கோட்டு.

"கைகள் நீளமாத்தான் இருக்கும், மடிச்சுவிடு" என்றார் மாமா. "காதை மூடிக்கொள்ளு மோனை. அந்தக் குளிர் காதுக்குள்ளாலைதான் ஏறும்."

அக்கா அழுதுகொண்டே அவருடைய காலைத் தொட்டாள். ரயில் போனபிறகு இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பாராமல் வேறு வேறு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். அமெரிக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் அக்கா மொஸ்கோவில் போய் இறங்கினாள்.

ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கியிருந்தது. ஒரு பின்னேரம் வாசிகசாலையிலிருந்து வந்த ஐயா கையிலிருந்த பத்திரிகையை மடித்துக் கூரை வளைமரத்துக்குள் செருகினார். அவர் குளிக்கப் போனதும் அம்மா ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி அதை எடுத்து வாசித்தார். அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற கியூபா என்ற சின்னத் தீவில் ருஷ்யா அணுகுண்டு ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அவற்றை எடுக்கச் சொல்லி அமெரிக்கா கடலை மறித்து நிற்கிறது. ருஷ்யக் கப்பல்கள் அந்தக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. என்ன நேரமும் உலகப் போர் மூளலாம். இதுதான் செய்தி.

ஐயா குளித்துவிட்டு வந்தபோது அம்மா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கியூபா எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

"அது எங்கையோ கிடக்கு. மொஸ்கோவுக்கும் அதுக்கும் கன தூரம். நீ பயப்பிடாதை."

"அண்ணை அண்டைக்கு என்ன சொன்னவர்? முதல் குண்டு எங்கை விழும் எண்டவர்?"

அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலுக்குள் இறங்கிப் போய், அடைத்திருந்த பொட்டின் ஓலைகளை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தார். நனைந்த கட்டு இலகுவில் அறவில்லை. கதியாலைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். ஒருநாளும் குரல் உயர்த்தாத, ஐயா கீறிய கோட்டை ஒருநாளும் தாண்டாத அம்மா மழையில் நின்று வேலி பிய்ப்பதை அன்றுதான் கண்டேன். கை கிழிந்து இரத்தம் வந்தது. பொட்டைத் திறந்து குனிந்து அந்தப் பக்கம் போனார். நானும் பின்னாலே ஓடினேன்.

மாமா றேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்தார். அம்மாவைக் கண்டதும் ஏன் வந்தாய், எப்படி வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரு தங்கச்சி" என்றார். ஐயா பொட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு நின்றார். வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. அம்மாதான் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்கு வாங்கோ. பெட்டிக்குள்ளை உங்கடை ஆக்களும் கதைப்பினம்தானே."

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீடு மாமாவின் விறாந்தையில்தான் இருந்தது. காலையும் பின்னேரமும் மாமா முள்ளைத் திருப்பித் திருப்பி முதலில் வாஷிங்டனைப் பிடிப்பார், பிறகு லண்டன், பிறகு மொஸ்கோ. இடியும் மின்னலும் நடுவில் புகுந்து கரகரக்கும். இரண்டு நாளில் பற்றறி இறங்கிவிட்டது. மாமா ஒன்றும் கேளாமலே ஐயா அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, கோப்பாய்ச் சந்திவரை கொட்டுகிற மழையில் உழக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். அசிட் பட்டு அவர் உடுத்திருந்த சாரத்தில் வட்ட வட்டமாக ஓட்டை. பற்றறியை இறக்கிவைத்தபோது மாமா ஒரு துவாயை நீட்டினார். ஐயா வாங்கித் தலை துவட்டினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இருவருக்கும் இடையில் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் அது.

அம்மா சாப்பிடவில்லை. வெறுந் தேத்தண்ணியும் சாமி அறையில் எடுக்கிற தீர்த்தமும்தான். தீபாவளியும் அந்தக் கிழமைதான் வந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. எனக்குப் புதுச் சட்டை மட்டும் வந்தது. அதைப் போடச் சொல்லவும் ஒருவருக்கும் நினைவிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "உன்ரை அக்கா இருக்கிற ஊர் எரியப்போகுதாம்" என்றார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. மாமா றேடியோவைத் திருப்பினார். ஆங்கிலத்தில் ஒருவர் வேகமாகப் பேசிக்கொண்டு போனார். மாமாவின் முகத்தையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி முடிந்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். நிதானமாகத் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"நல்ல செய்திதான் தங்கச்சி. ரெண்டு பக்கமும் பேச்சுவார்த்தை தொடங்கியிட்டுதாம். கப்பலெல்லாம் திரும்புதாம். ரெண்டு மூண்டு நாளிலை எல்லாம் அடங்கியிடுமாம்."

நான் ஐயாவைப் பார்த்தேன். மாமா மொழிபெயர்த்தால் ஏதாவது ஒரு சொல்லில் பிடித்து இழுப்பது அவருடைய வழக்கம். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஓம்" என்றார். "மாஸ்டர் சொல்லுறது சரி. அப்பிடித்தான் சொல்லுறான்."

அம்மா ஒருமுறை மாமாவைப் பார்த்தார். ஒருமுறை ஐயாவைப் பார்த்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டி, அரிசி போட்டார். அன்று மத்தியானம் அம்மா சோறு சாப்பிட்டார். எனக்கும் குழைத்துத் தந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. அதற்குப் பிறகு எத்தனையோ விருந்துகளில் இருந்து எழும்பிவிட்டேன். அந்தச் சோறு போல ஒன்று வாய்க்கவில்லை.

அன்று பின்னேரம், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், மாமா "முடிஞ்சுது! எல்லாம் முடிஞ்சுது!" என்று கத்தியது கேட்டது. நாங்கள் ஓடினோம். ஏவுகணைகளைத் திருப்பி எடுக்க மொஸ்கோ சம்மதித்துவிட்டதாம். மாமா விறாந்தையில் நின்று குதித்தார். ஐயா தோளிலிருந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகு குலுங்கியது. காலையிலேயே நல்ல செய்தி வந்துவிட்டதே, பின்னேரம் வந்த செய்திக்கு இவர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்பது ஒன்பது வயதான எனக்கு விளங்கவில்லை. அடுத்தநாளே இருவரும் அமெரிக்காவால் உலகம் தப்பியதா ருஷ்யாவால் தப்பியதா என்று பழையபடி தொடங்கிவிட்டார்கள். ஆனால் பொட்டை அதற்குப் பிறகு ஒருவரும் அடைக்கவில்லை.

அக்கா அங்கே என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நாங்கள் சோறில்லாமல் இருந்த கிழமையில் அவள் உருளைக்கிழங்குச் சூப்பும் கறுப்புப் பாணும் சாப்பிட்டு ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். விடுதியில் அ, ஆ படிப்பது போல ருஷ்ய எழுத்துப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஊர்ப் பத்திரிகையை வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதில் அதிகம் சொல்லப்படவில்லை. விடுதிக்குப் பொறுப்பாக ஒரு வயதான பெண் இருந்தாராம்; பெயர் வேரா; போரில் இரண்டு மகன்மாரைப் பறிகொடுத்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காரணமே சொல்லாமல் ஒவ்வொரு அறையாக வந்து, கறுப்பு, மண்ணிறம், மஞ்சள் என்று எல்லா நாட்டுப் பெண்பிள்ளைகளையும் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனதை அக்கா பின்னாளில் சொன்னாள். ஏன் என்று அவளுக்கு ஊர் வந்து எங்கள் கதையைக் கேட்டபிறகுதான் விளங்கியது.

ஏழு வருடம் கழித்து அக்கா டொக்டராகத் திரும்பி வந்தாள். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிறகு வந்த யுத்த காலத்தில் வசதியுள்ளவர்களெல்லாம் வெளிநாடு போனபோதும் அவள் போகவில்லை. மின்சாரமும் மருந்தும் இல்லாத நாட்களில் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்த்தாள். மாமாவுக்கு வயது போய் நெஞ்சு வருத்தம் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர்மார் இருக்கிறார்கள் என்று ஆட்கள் சொன்னதற்கு, "எனக்கு மொஸ்கோ டொக்டர் காணும்" என்று பெருமையோடு படுத்திருந்தார். அக்காவின் கையில்தான் அவர் உயிர் போனது.

மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் கலைந்த பின்னேரம், ஐயா மாமாவின் விறாந்தையில் தனியே இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். வேலிப் பொட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலமை உன்ரை மாமா சொன்னது முழுப் பொய். அவன் றேடியோவிலை சொன்னது என்ன தெரியுமே? அமெரிக்கன்ரை பிளேன் ஒண்டைக் கியூபாவிலை சுட்டு விழுத்திப்போட்டாங்கள், படையெல்லாம் ஆயத்தமாம், இனி ஒண்டும் செய்ய ஏலாதாம் எண்டு. எனக்கு எல்லாம் விளங்கினது. மாஸ்டர் கொம்மாவுக்காண்டிப் பொய் சொல்லுறார் எண்டும் விளங்கினது."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னீங்களே, ஐயா."

"சொன்னனான். வாழ்நாளிலை அந்த ஒருநாள்தான் அவருக்கு ஓம் சொன்னனான்." துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு அது விளங்கினது எண்டு அவருக்குத் தெரியும். ஒருநாளும் ரெண்டு பேரும் அதைப்பற்றிக் கதைச்சதில்லை" என்றார்.

ஐயாவும் போய்ச் சில வருடங்களுக்குப் பின், தொண்ணூற்றைந்தில் எங்கள் ஊர்ப் பகுதியான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நானும் அம்மாவும் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் பாய் விரித்துக் கிடந்தோம். தூரத்தில் ஷெல் விழுகிற சத்தம். அம்மாவின் பயத்தைத் திருப்ப ஏதாவது கதைக்க வேண்டும் என்று, அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்ற எண்ணத்தில், ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா சிரித்தார். அந்த இடத்தில், அந்தச் சத்தத்துக்குள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எனக்குத் தெரியாதே? சின்ன வயசிலையிருந்து அண்ணை பொய் சொல்லேக்கை ஆற்றையும் முகத்தைப் பாக்கமாட்டார். கையிலை கிடக்கிறதைத் துடைச்சுக்கொண்டுதான் சொல்லுவார். அண்டைக்குக் கண்ணாடியைக் கழட்டினவுடனையே எனக்கு விளங்கியிட்டுது."

"விளங்கியும் எப்பிடி அம்மா சோறு இறங்கினது?"

அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"உன்ரை ஐயாவும் ஓம் எண்டாரே. கீரியும் பாம்புமா இருந்த ரெண்டு பேரும் எனக்காண்டி ஒரு பக்கம் நிக்கினம். இனி நடக்கிறது நடக்கட்டும், அவையின்ரை பொய்க்காவது நான் சாப்பிடவேணும் எண்டு நினைச்சன். ரெண்டு பேரும் பாவங்கள், அவையும் அஞ்சு நாளா ஒண்டும் சாப்பிடேல்லை. நான் சாப்பிட்டால்தானே அவையும் சாப்பிடுவினம்."

இன்று அவர்கள் மூவரும் இல்லை. மாமாவின் வீடு தொண்ணூற்றைந்துக்குப் பிறகு கூரையில்லாமல் நின்று, பின்னர் காணியாக விற்கப்பட்டு, வேறு யாரோ அதில் மாடி கட்டி இருக்கிறார்கள். அக்காவுக்குப் பட்டம் கொடுத்த நாடு உலகப் படத்திலேயே இல்லை, கொடிகூட மாறிவிட்டது. பால்மாப் பீப்பா வந்த வழியும், தடித்த தாளில் கோதுமை வயல் வந்த வழியும் எப்போதோ அடைபட்டுவிட்டன. எங்களைப்போன்ற ஏழைப் பிள்ளைகளின் நல்லெண்ணத்துக்காகப் போட்டி போட இன்று ஒருவரும் இல்லை. குண்டுகள் மட்டும் குறையாமல் இருக்கின்றன போலிருக்கிறது. செய்திகளில் பழைய பயமுறுத்தல்கள் திரும்பவும் கேட்கின்றன.

வளர்ந்தபிறகு நான் வாசித்தறிந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களுக்குப் பாலும் படிப்பும் தந்த அதே கைகளிலிருந்து அதே காலத்தில் வேறு ஊர்களில் நெருப்பு விழுந்தது. எங்கள் வயதுப் பிள்ளைகள் அங்கே எரிந்தார்கள். எங்கள் பங்குக்கு நல்லது வந்து சேர்ந்தது தற்செயல்தான். அது தெரிந்தும் என்னால் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அரசுகளுக்கு அல்ல. முகம் தெரியாத எங்களுக்காகக் கோதுமை வயலிலும் பால் பண்ணையிலும் பாடுபட்டவர்களுக்கு. அந்நியப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்த வேராவுக்கு. தாங்கள் கண்ணாலும் காணாத தலைவர்களுக்காக வாழ்நாள் முழுதும் சண்டை பிடித்து, ஒரு காலைப்பொழுது மட்டும் சண்டையை நிறுத்திய அந்த இரண்டு மனிதருக்கு. இருவரையும் நம்புவதுபோல் எழுந்து போய் உலை வைத்த என் தாய்க்கு.

அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என்னுடன்தான் இருக்கிறாள். முன்வீட்டுப் பிள்ளை கம்சிகா இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறாள். சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போன கிழமை வந்தாள். அதில் பனிப்போருக்குக் கெடுபிடி யுத்தம் என்று தலைப்புப் போட்டு, எங்கள் வாழ்க்கையில் பாதியைச் சில பந்திகளில் முடித்திருந்தார்கள்.

"டொக்டர் அன்ரி, உந்த யுத்தத்திலை கடைசியா ஆர் வெண்டது?" என்று பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"நான்" என்றாள்.

கம்சிகா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"மெய்யாத்தான் பிள்ளை சொல்லுறன். புகையிலைத் தோட்டக்காரன்ரை மகள் நான். அமெரிக்கனும் ருஷ்யனும் சண்டை பிடிச்சிருக்காட்டில் எனக்கு ஆர் படிப்புத் தந்திருப்பினம்? ஆனால் சோதினையிலை அப்பிடி எழுதிப்போடாதை. புள்ளி போடாயினம்."

கம்சிகா பேனையை மூடினாள். புத்தகத்தையும் மூடி மடியில் வைத்துக்கொண்டு கதிரையை அக்காவுக்குக் கிட்ட இழுத்தாள்.

"அப்ப நீங்கள் முதலிலையிருந்து சொல்லுங்கோ" என்றாள்.